பென்பரிக் கோயில் வாசலில் செருப்புகள்

கடல் தாண்டி வந்த எப்சிபா கோயில் வாசலில் தன் செருப்பைக் கழற்றிப் போட்ட அந்த அக்டோபர் மாதக் காலை வரைக்கும், பென்பரி ஊரில் செத்துப்போனவர்கள் எல்லாரும் காலில் ஷூவோடுதான் இருந்தார்கள். பாஸ்டனுக்கு மேற்கே, இலையெல்லாம் சிவந்து நின்ற மேப்பிள் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்தச் சின்ன ஊர். ஊருக்கு நடுவில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு மரக் கட்டடமும், அதைச் சுற்றிச் சாய்ந்தும் சரிந்தும் நின்ற கல்லறைக் கற்களும் இருந்தன. அந்தக் கற்களுக்கு அடியில் முந்நூறு வருஷத்துக்கும் மேலாக ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கிடந்தார்கள், நல்ல தோலில் தைத்த ஷூவின் கொக்கிகளை இறுக மாட்டிக்கொண்டு, ஒரு தொந்தரவும் தராமல்.

எப்சிபா நம்மூர் நாசரேத்துப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். அவள் மகள் பியூலா பாஸ்டனில் வேலை பார்த்தாள். பென்பரியில் பிறந்த காலெப் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். காலெப் என்பது வேதத்தில் இருக்கிற பெயர் என்பதால் எப்சிபா அதிகம் கேள்வி கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்: கல்யாணம் கோயிலில் நடக்க வேண்டும். அவள் ஊரில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

"காலெப்போட ஊர்ல ஒரு பழைய கோயில் இருக்கும்மா. வந்து பாருங்க. நீங்க சரின்னா அங்க. இல்லைன்னா ஊர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கிடுதோம். வேற கோயில் தேடி அலைய எனக்கு லீவும் இல்லை, தெம்பும் இல்லை" என்று பியூலா சொல்லிவிட்டாள்.

எப்சிபாவின் கணவர் ஞானதிரவியத்துக்கு விசா கிடைக்கவில்லை. "நீ பாத்துட்டுச் சொல்லு. உனக்குச் சரின்னா எனக்கும் சரி" என்று அவர் மொத்தப் பாரத்தையும் மனைவியின் தலையில் ஏற்றி விமானத்தில் அனுப்பிவைத்தார். ஆகவே எப்சிபா 'சரி' என்று சொன்னால் மகளின் கல்யாணம் ஜெபத்தோடு நடக்கும். 'இல்லை' என்று சொன்னால் ஜெபமே இல்லாமல் ஒரு மேஜைக்கு முன்னால் நடந்துவிடும். இப்படி ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவள் பென்பரிக் கோயிலின் படியேறினாள். வாசலில் பழக்க தோஷத்தில் காலை உதறிச் செருப்பைக் கழற்றிப் போட்டாள். பனி விழ ஆரம்பித்திருந்த ஊரில் காலுறை மட்டும் போட்ட காலோடு ஒருத்தி கோயிலுக்குள் போவதைச் சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன் ட்வைனிங் பார்த்தார். அவர் ஊரின் பழைய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், உயரமானவர், கோயில் சாவி அவரிடம்தான் இருந்தது. பார்த்தும் பார்க்காதது போலக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

உள்ளே போய் நின்றதும் எப்சிபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏட்டி பியூலா, கோயில் எங்க?"

"இதுதாம்மா கோயில்."

"இது பள்ளிக்கூடம் மாதிரில்லா இருக்கு!"

சிலுவை இல்லை. பீடம் இல்லை, பீடத்துக்கு விரிக்கிற துணி இல்லை, மெழுகுவத்தி இல்லை. சன்னல்களில் வெறும் கண்ணாடி. முன்னால் ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் ஒரு பிரசங்க மேடை. கீழே மாட்டுக் கொட்டிலில் தடுப்பு வைத்தது போல இடுப்பளவுப் பலகைச் சுவர்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கதவும். அந்தப் பெட்டிகளுக்குள்தான் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக உட்கார வேண்டுமாம். எப்சிபா போனில் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சிலுவை தெரியலியே, போனைத் திருப்பு" என்றார் ஞானதிரவியம்.

"திருப்பிட்டேன்."

"இன்னும் கொஞ்சம் திருப்பு."

"இதுக்கு மேல திருப்புனா நான் கீழ விழுந்துருவேன். சிலுவையே இல்லைங்க."

"களவு போயிட்டா?"

"அவங்க வைக்கவே இல்லையாம்."

ஞானதிரவியம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, "அப்ப எதைப் பாத்து ஜெபம் பண்ணுவாங்க?" என்று கேட்டார். எப்சிபா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

டீக்கன் ட்வைனிங் பொறுமையாக விளக்கினார். இங்கிலாந்து ராஜாவின் சபையில் அலங்காரமும் ஆடம்பரமும் கூடிவிட்டது என்று மனம் வெறுத்துக் கப்பலேறி வந்த ப்யூரிட்டன்கள் கட்டியது இது. மரம் வெறும் மரம், கண்ணாடி வெறும் கண்ணாடி, கூடுகிற ஜனங்கள்தான் சபை என்று அவர்கள் நினைத்தார்கள். அதனால் இதற்குக் கோயில் என்றுகூடப் பெயர் வைக்கவில்லை, கூடும் வீடு என்றுதான் சொன்னார்கள். ஊர்க் கூட்டமும் இங்கேதான் நடந்தது, ஊரின் வெடிமருந்தும் இங்கே பரணில்தான் இருந்தது.

"கிறிஸ்மஸ் எப்படிக் கொண்டாடுவாங்க?" என்று ஏதாவது ஒரு பிடி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எப்சிபா கேட்டாள்.

"கொண்டாட மாட்டாங்க. கொண்டாடுனா அபராதம்."

எப்சிபா பக்கத்திலிருந்த பெட்டிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணம்?"

"அதுவும் இங்க கிடையாது. வீட்டுல, நீதிபதி முன்னால நடக்கும். கல்யாணத்துக்கும் சபைக்கும் சம்பந்தமில்லைன்னு நினைச்சாங்க." டீக்கன் லேசாகச் சிரித்தார். "இப்ப நாங்க எல்லாம் பண்றோம். கவலைப்படாதீங்க."

பீடம் இல்லாத, சிலுவை இல்லாத, கிறிஸ்மஸும் கல்யாணமும் நடக்காத ஒன்று எப்படிக் கோயிலாகும்? கோயில் இல்லை என்றால், வாசற்படியில் கால் வைத்ததும் தன் கால் தானாகச் செருப்பை உதறியது ஏன்? எப்சிபா இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள், இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. சதுர மூக்கு வைத்த கறுப்புத் தோல் ஷூ. பித்தளைக் கொக்கி பச்சை பிடித்திருந்தது, அடியில் ஈர மண் ஒட்டியிருந்தது. யாரோ ஒழுக்கமான மனிதர் கழற்றியது போல இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

டீக்கன் ட்வைனிங் அதைப் பார்த்தார். கல்லறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "யாரோ உள்ள வந்திருக்காங்க" என்று சொல்லி, மழை வந்தால் நனையாமல் இருக்கட்டும் என்று குனிந்து அந்த ஜோடியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு வந்தவர்கள் வாசலில் ஒரு வரிசை ஷூக்களைப் பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு வரிசை. பிறகு படிகளில், பிறகு பாதையின் இரு பக்கமும், பிறகு புல்வெளியில். துணியில் தைத்த பெண்கள் ஷூ, சேற்றுக்காக அடியில் மாட்டுகிற மரக்கட்டைகள், முழங்கால் உயரப் பூட்ஸ், உள்ளங்கைக்குள் அடங்குகிற குழந்தை ஷூ. செத்தவர்கள் எழுந்து வருவதையோ நடப்பதையோ யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கழற்றி வைத்ததை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

பென்பரி நிதானமான ஊர். முதல் வாரத்திலேயே இரும்புக் கடைக்காரர் பலகை அறுத்து அடுக்கு செய்து கொண்டுவந்து வைத்தார். நூலகத்துப் பெண் ஒருத்தி, யாருடையது எது என்று குழம்பாமல் இருக்க ஜோடி ஜோடியாகக் கயிறு கட்டப் பார்த்தாள். அந்தக் காலத்து ஷூக்களில் இடது கால் வலது கால் என்ற வித்தியாசமே இல்லை, இரண்டும் ஒரே வடிவில் நேராக இருந்தன. அதனால் பாதியிலேயே கைவிட்டுவிட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தாள். குதிரைச் சேணத்துக்கு எண்ணெய் போடுகிற ஒருவர் வந்து காய்ந்த தோலுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து படம் வரையச் சொன்னார்கள். தபால்காரர் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பூட்ஸுக்குள் வைத்துவிட்டுப் போனார். உயிரோடு இருக்கிறவர்களுக்கும் ஷூவோடு உள்ளே போகக் கூச்சமாகிவிட்டது. அவர்களும் கழற்றினார்கள். ஊரில் மதிப்புள்ள வக்கீலின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்ப்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

உள்ளே வேறு விதமான சங்கடம். பெட்டிக் கதவைத் திறந்து உட்காரப் போனால் பலகை சூடாக இருந்தது, பேருந்தில் அப்போதுதான் ஒருவர் எழுந்துபோன இருக்கை போல. கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தால் யாருடைய முழங்காலோ இடித்தது. "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனால் அங்கேயும் சூடு. டீக்கன் ட்வைனிங்கின் குடும்பத்துக்கு முன்வரிசையில் சொந்தமாக ஒரு பெட்டி உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே போனார், குனிந்து கையால் தடவிப் பார்த்தார், தலைவணங்கினார், ஆராதனை முடியும்வரை ஓரமாக நின்றார்.

எல்லாரும் எப்சிபாவிடம் வந்து கேட்டார்கள். கடையில் கேட்டார்கள், பூங்காவில் கேட்டார்கள். காலெப்பின் அம்மா ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள். "செருப்பைக் கழற்றுனதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம்னு ஒண்ணும் இல்லை. எங்க ஊர்ல கழற்றுவோம்."

"ஏன் கழற்றுவீங்க?"

பரிசுத்த பூமியில் மோசே கழற்றினார் என்று சொல்லலாம். மழைக்காலத்துச் சகதி பாயில் ஒட்டும் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவள் மோசேயையும் நினைக்கவில்லை, சகதியையும் நினைக்கவில்லை. "தெரியல" என்றாள். அவள் அடக்கத்தால் மறைக்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டு இன்னும் மரியாதையாக நடத்தியது. அது அவளை இன்னும் குழப்பியது.

"பேயா?" என்று ஞானதிரவியம் போனில் கேட்டார்.

"பேய் எங்கங்க இருக்கு? செருப்புதான் இருக்கு."

"செருப்பை மட்டும் விட்டுட்டு யாரு போவா?"

"போகலைங்க. உள்ள இருக்காங்க. எல்லாம் நல்ல ஆளுங்களாத்தான் தெரியுது. சத்தமே இல்லை."

"சரி, கல்யாணத்துக்கு என்ன சொல்லுத?"

"அதான் தெரியலங்கேன்லா!"

எப்சிபாவின் ஊரில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். போதகரே பெண்ணாக இருந்தால் என்ன சொல்வது என்பது இன்னொரு குழப்பம். யோசித்துப் பார்த்து, பென்பரிச் சபையின் போதகர் மார்த்தாவை அவள் பாஸ்டரம்மா என்று கூப்பிட்டாள். மார்த்தாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. அவள்தான் வந்து சொன்னாள், இந்த விஷயத்தை ஊர்க் கூட்டத்தில் வைக்கப்போகிறார்கள் என்று.

பென்பரியில் எதையும் கூட்டம் போட்டுக் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள், சாலையில் பள்ளம் மூடுவதாக இருந்தாலும் சரி. கூட்டத்தன்று மதியம் பள்ளிக்கூட விளையாட்டரங்கில் மடக்கு நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். எப்சிபாவும் பியூலாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஷூக்களை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தால் குறிப்பறிந்து போய்விடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். விருந்தாளியின் ஷூவைத் திருப்பி வைப்பது அநாகரிகம் என்று இரும்புக் கடைக்காரர் எழுந்து சத்தம் போட்டார். அவர்கள் விருந்தாளிகளே இல்லை, நாம்தான் விருந்தாளிகள் என்றார் வக்கீல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறைக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வந்திருப்பவர்கள் சொந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்திருங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றார். பிறகு தீயணைப்பு அதிகாரி ரஸ்ஸல் எழுந்தார். கட்டடத்துக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று விதி இருக்கிறது, விதியில் உயிரோடு இருப்பவர்கள் என்று தனியாகச் சொல்லவில்லை, வாசலில் இருக்கிற ஷூக்களை வைத்துப் பார்த்தால் ஏற்கெனவே அளவு தாண்டிவிட்டது, இனி ஒருவரைக்கூட உள்ளே விட முடியாது என்றார்.

"சனிக்கிழமைக்கு ஒரு கல்யாணம் கேட்டிருக்காங்களே?" என்றாள் மார்த்தா.

"எனக்கும் வருத்தம்தான்" என்றார் ரஸ்ஸல்.

கை தூக்கச் சொன்னார்கள். கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. உயர்த்தியவர்கள் பியூலாவைத் திரும்பிப் பார்க்காமல் உயர்த்தினார்கள். கல்யாணம் அங்கே இல்லை என்று முடிவாயிற்று.

காரில் ஏறியதும் பியூலா, "விடுங்கம்மா. ஆபீஸ்லயே கையெழுத்துப் போட்டுக்கிடுதோம். உங்களுக்கும் அந்தக் கோயில் பிடிக்கலைதானே" என்றாள். சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போதும் அப்படித்தான் சிவக்கும்.

"நான் எங்கட்டி பிடிக்கலைன்னு சொன்னேன்?"

"சரின்னும் சொல்லலியே."

"நான் இன்னும் எதையுமே சொல்லலை. அதுக்குள்ள எப்படி இல்லைன்னு ஆச்சு?" எப்சிபாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த வெறும் சுவர்களும் வெறும் கண்ணாடியும் கையை விட்டுப் போகும்போது, அங்கேதான் மகளுக்குத் தாலி ஏற வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஏன் அடித்துக்கொண்டது என்று கேட்டால் அதற்கும் காரணம் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் பியூலாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கதவில் அறிவிப்பு ஒட்டுவதற்காக ரஸ்ஸலும் டீக்கனும் மார்த்தாவும் அங்கே நின்றார்கள். "ஒரு நிமிஷம் பாத்துக்கிடுதேன்" என்று எப்சிபா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவளைத் தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை, பியூலாவோடு சேர்ந்து நான்கு பேரும் காலுறையோடு பின்னால் போனார்கள்.

முப்பது வருஷமாக அவள் விடுதியில் செய்கிற வேலை ஒன்றுதான். ஆறு பேர் படுக்கிற அறையில் எட்டுப் பேரைப் படுக்கவைப்பது. இடம் இல்லை என்று பிள்ளைகள் சொன்னால் அவள் பேச மாட்டாள், குனிந்து பாய்களுக்கு நடுவில் இருக்கிற தரையைப் பார்ப்பாள். இப்போதும் அதையே செய்தாள். முன்வரிசைப் பெட்டிக்குள் கையை விட்டுப் பலகையைத் தடவினாள். ஓரத்தில் ஓர் ஆள் சூடு. பிறகு நீளமாகக் குளிர்ந்த பலகை. பிறகு இன்னோர் ஆள் சூடு. மறுபடியும் குளிர்ந்த பலகை. அடுத்த பெட்டியிலும் அப்படித்தான். பின்னால் போகப் போகச் சூடு நெருங்கியது. கடைசிப் பெட்டியில் கையை வைக்க இடமில்லாமல் பலகை முழுக்கச் சூடு.

"இடம் இல்லைன்னு யாரு சொன்னா? முன்னால உள்ளவங்க எவ்வளவு அகலமா உக்காந்திருக்காங்கன்னு பாருங்க!"

"அது அந்தக் காலத்து ஒழுங்கு" என்றார் டீக்கன். "யார் எங்க உக்காரணும்னு ஒரு குழு கூடி முடிவு பண்ணும். வயசு, சொத்து, பதவி எல்லாம் பாத்து. முன்னால நீதிபதி, நிலம் வச்சிருந்தவங்க. போகப் போக மத்தவங்க."

"மாடியில?"

மூன்று பக்கமும் ஒரு மாடம் தொங்கிக்கொண்டிருந்தது. டீக்கன் இருமினார். "வேலைக்காரங்க. அடிமையா வாங்கிட்டு வந்த கறுப்பு ஜனங்க. இந்த மண்ணோட பழங்குடிங்க சில பேர். நாங்க அதைப் பத்தி ரொம்ப நாளாப் பேசுனதில்லை. இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கோம்."

எப்சிபா படியேறினாள். முதல் படியிலேயே கால் சுட்டது. ஒவ்வொரு படியும் சூடாக இருந்தது. மேலே போய்க் கை வைத்தால் பலகை, தரை, கைப்பிடி எல்லாம் அடுப்பங்கரை போல இருந்தன. நிற்கவே இடமில்லை.

"ரஸ்ஸல் சார், இவங்களைக் கணக்குல சேத்தீங்களா?"

"ஷூவை வச்சுதான் பாத்தேன்" என்றார் கீழேயிருந்து ரஸ்ஸல். சொல்லி முடித்ததும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கழற்றி வைக்க ஷூவே இல்லாதவர்கள் அங்கே இருந்தார்கள் என்பது அந்த நிமிஷம்தான் நான்கு பேருக்கும் தெரிந்தது.

எப்சிபாவின் ஊர்க் கோயிலிலும் அவள் அம்மா காலத்தில் யார் பீடத்துக்குப் பக்கத்தில் பாய் விரிப்பது, யார் கதவோரத்தில் உட்காருவது என்று ஒரு ஒழுங்கு இருந்தது. எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யாத ஒழுங்கு. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு விளங்காததாகவே எல்லாம் இருந்தது. இது ஒன்று மட்டும் சட்டென்று விளங்கியது. விளங்கியதும் வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாயிற்று. அந்தக் கோபத்தில் அவள் கீழே இறங்கி வந்து, முன்வரிசைப் பெட்டிக்கு எதிரில் நின்று, இடுப்பில் கை வைத்தாள்.

"நீதிபதி ஐயா தள்ளி உக்கார மாட்டாங்களா?" என்று டீக்கனைக் கேட்டாள்.

டீக்கன் யோசித்தார். "இதுவரைக்கும் அவர்கிட்ட யாரும் கேட்டதில்லை."

"அப்ப நான் கேக்கேன்" என்றாள் எப்சிபா. அதற்கப்புறம் அவள் இங்கிலீஷை விட்டுவிட்டாள். விடுதியில் நீளமான நடையின் கடைசி அறை வரைக்கும் கேட்கிற குரலில், தமிழில் சொன்னாள்:

"முன்னால இருக்கிறவங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னும் தள்ளுங்க. ஓரத்துல இருக்கிற ஐயா, உங்களைத்தான். பிள்ளை வச்சிருக்கிறவங்க மடியில வச்சுக்கிடுங்க. மேல நிக்கிறவங்க எல்லாரும் கீழ எறங்கி வாங்க. அவசரப்படாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு. சனிக்கிழமை எம்பிள்ளைக்குக் கல்யாணம், இன்னும் கொஞ்சம் பேரு வருவாங்க. நெருங்கி உக்காந்தாத்தான் முடியும்."

ஒன்றும் நடக்கவில்லை. சன்னலுக்கு வெளியே ஓர் இலை விழுந்தது. ரஸ்ஸல் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். டீக்கன் மெதுவாக, "முன்வரிசைக்காரங்களுக்குக் கோபம் வந்திருக்கும்" என்றார்.

அப்போது முன்வரிசைப் பலகை கிரீச்சிட்டது. ஒரு பெரிய மனிதர், மனமில்லாமல், இத்தனை காலமும் நகராத உடம்பை ஒரு விரற்கடை நகர்த்தியது போன்ற சத்தம். பிறகு அதற்கடுத்த பலகை, பிறகு அதற்கடுத்தது. பெட்டிக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. மாடிப் படியில் சத்தம் கேட்டது. வெறுங்காலோடு மரப்படியில் இறங்குகிறவர்களின் சத்தம். இறங்கி இறங்கி இறங்கி, அது முடியவே இல்லை. நான்கு பேரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். டீக்கன் ட்வைனிங்கின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் தன் குடும்பத்துப் பெட்டிக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டு நின்றபோது, அவரே போய் அதை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டார்.

எல்லாம் அடங்கியதும் எப்சிபா மறுபடி கை வைத்துப் பார்த்தாள். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரே சீரான சூடு. ஒவ்வொரு பெட்டியிலும் கதவோரத்தில் ஓர் ஆளோ இரண்டு ஆளோ உட்காரக் குளிர்ந்த பலகை கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேலே மாடம் முழுக்கக் காலி.

ரஸ்ஸல் அறிவிப்புத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு எண்ணத் தெரியல" என்றார்.

"அம்மா," என்றாள் பியூலா. "அப்ப சரியா?"

"இது என்ன இடம்னு எனக்கு இன்னும் தெரியலட்டி. என்னைப் போட்டுக் கேக்காதே" என்றாள் எப்சிபா. "கல்யாணத்துக்கு வாரேன்."

சனிக்கிழமை ஊரே வந்தது. எல்லாரும் வாசலில் ஷூக்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டிகளுக்குள் ஒருக்களித்து நுழைந்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தார்கள். வக்கீலுக்கு நீதிபதியின் பெட்டியில் இடம் கிடைத்தது. அவருக்கும் நீதிபதிக்கும் நடுவில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். காலெப்பின் தங்கை ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் ஞானதிரவியம் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்து, "பூராவும் காலியால்லா கிடக்கு, ஏன் எல்லாரும் ஓரத்துல உக்காந்திருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எப்சிபா பட்டுச்சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு தோள் அவள் தோளை அழுத்தியது. நகர இடமில்லாத தோள். எப்சிபா தன்னால் முடிந்த அளவு ஒதுங்கினாள். பியூலா உள்ளே நடந்து வரும்போது மடியில் ஏதோ கனத்தது. முதலில் லேசாக, பிறகு முழுப் பாரமாக. ஒன்றரை வயதிருக்கும். நெரிசலான பேருந்தில் நிற்கிற பெண் ஒருத்தி, உட்கார்ந்திருக்கிறவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் பிள்ளையை மடியில் விடுவாளே, அப்படி யாரோ விட்டிருந்தார்கள். யார் என்று எப்சிபா திரும்பிப் பார்த்தாள், வெறும் பலகைதான் தெரிந்தது. பிள்ளையின் வெறுங்கால் அவள் முழங்காலில் இடித்தது. கொஞ்சம் புரண்டது. சேலைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சூடான மூச்சை அவள் கழுத்தில் விட்டபடி தூங்கிப்போனது.

பிரசங்க மேடைக்குக் கீழே மார்த்தா நின்று கேட்டாள்: "இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்குக் கொடுக்கிறது யார்?"

எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பியூலா திரும்பிப் பார்த்தாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. இது யார் பிள்ளை, இதன் தாய் எந்தக் கல்லின் அடியிலோ கல்லே இல்லாத எந்த மண்ணிலோ கிடந்தவள், சிலுவை இல்லாத இந்த வீட்டில் தன் மகளை யார் முன்னால் கொடுக்கிறோம் என்று ஒன்றும் தெரியாத எப்சிபா, இடது கையை வளைத்துப் பிள்ளையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். பார்த்தவர்களுக்கு அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெறும் காற்றை அணைத்துக்கொண்டு நிற்பது போலத்தான் தெரிந்தது.

"நான்தான் குடுக்கேன்" என்றாள், பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி.

மார்த்தாவுக்குக் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள். எப்சிபா இந்த முறை சத்தமாகச் சொன்னாள். பிள்ளை திடுக்கிட்டு விழித்து, அழாமல், இரண்டு கையாலும் அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது.